நாளைக்கே போய்ப் பார்க்க வேண்டும்: செட்டிநாட்டுப் பக்கம் கேட்கும் ரயில் சந்தேகங்கள்

ரயில்வே முன்பதிவுக் கவுண்டரில் பல ஆண்டு உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது கோட்டையூரில் இருக்கிறேன். எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில் வயதான ஒருவர் மட்டும் வளவில் இருப்பார். பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பார்கள். உடம்புக்கு முடியாமல் போனால் இங்கிருந்து அங்கே ஓட வேண்டும், அல்லது அங்கிருந்து இங்கே. இரவு பத்து மணிக்கு மேல் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி இப்படித்தான் தொடங்கும்: "பெரியப்பச்சியை ஐ.சி.யூ.வில் வைத்திருக்கிறார்கள். நாளைக்கே போக வேண்டும். கையில் அதிகம் இல்லை."

ஆள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

டிக்கெட்டே இல்லை என்று காட்டுகிறது. அப்படியென்றால் போகவே முடியாதா?

முடியும். அந்த வண்டியில், அந்த வகுப்பில், பொது ஒதுக்கீட்டில் இடம் தீர்ந்துவிட்டது என்பது மட்டும்தான் அதற்குப் பொருள். முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடுகிறது. 2024 அக்டோபர் வரை இது 120 நாளாக இருந்தது. கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் போகிறவர்கள் அப்போதே எடுத்துவிடுவார்கள். உங்களுக்கு இன்னும் நான்கு வழிகள் மிச்சம்: தட்கல், சார்ட் (வண்டி கிளம்பும் முன் போடும் பயணிகள் பட்டியல்) போட்ட பிறகு எஞ்சும் இடம், முன்பதிவில்லாப் பெட்டி, பக்கத்துப் பெரிய ஊருக்குப் போய் வேறு வண்டி.

எந்த வண்டி என்று தேடுவதற்கு முன்னால், எத்தனை மணிக்குள் போய்ச் சேர வேண்டும் என்பதை முடிவு செய்யுங்கள். நான் தொலைபேசியில் முதலில் கேட்பது இதைத்தான். பதிலுக்குப் பாதிப் பேர், "கீழ் பர்த் கிடைக்குமா?" என்கிறார்கள்.

காரைக்குடியிலிருந்து சென்னைக்கு இருப்பதிலேயே மலிவாகப் போவது எப்படி?

பல்லவன் என்னும் பகல் வண்டி. இரவு வண்டிகளான சேதுவும் போட் மெயிலும்தான் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருகின்றன. அவை ராமேஸ்வரத்திலிருந்து நிரம்பி வருபவை. பல்லவன் காரைக்குடியிலேயே விடியற்காலையில் புறப்படுகிறது, மதியம் சென்னை. படுக்கை கிடையாது, உட்காரும் இருக்கைதான். கட்டணமும் படுக்கை வகுப்பை விடக் குறைவு. புறப்படும் ஊர் நம்முடையது என்பதால் நமக்கு ஒதுக்கீடும் தாராளம்.

தட்கலில் எடுத்தால்கூட இரண்டாம் வகுப்பு இருக்கைக்கு 10 ரூபாயிலிருந்து 15 ரூபாய் வரைதான் கூடும். படுக்கை வகுப்பானால் 100 முதல் 200, மூன்றடுக்கு ஏ.சி.யானால் 300 முதல் 400 ரூபாய் தட்கலுக்கென்று தனியாக ஏறும். மூன்று பேர் போகும் வீட்டில் இந்த வித்தியாசம் ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு நாள் சாப்பாட்டுச் செலவு.

தட்கல் எத்தனை மணிக்குத் திறக்கும்?

வண்டி புறப்படும் நாளுக்கு முந்தைய நாள். ஏ.சி. வகுப்புகளுக்குக் காலை 10 மணி. படுக்கை வகுப்பு, இரண்டாம் வகுப்பு இருக்கைக்கு 11 மணி. வெள்ளிக்கிழமை விடியற்காலைப் பல்லவனுக்கு வியாழக்கிழமை 11 மணி. ஒரு டிக்கெட்டில் நான்கு பேர் வரைதான் சேர்க்கலாம்.

எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கணக்கு வண்டி கிளம்பும் ஊரின் தேதிப்படி. நீங்கள் ஏறும் ஊரின் தேதிப்படி அல்ல. சென்னையில் வியாழன் மாலை கிளம்பும் வண்டியில் நீங்கள் திருச்சியில் நள்ளிரவு தாண்டி ஏறினால், உங்களுக்கு அது வெள்ளிக்கிழமை. ஆனால் தட்கல் புதன்கிழமையே திறந்து முடிந்திருக்கும். அதேபோல இரவு 12.20 மணி வண்டிக்கு ஒரு நாள் தள்ளி டிக்கெட் எடுத்துவிட்டு, முந்தைய இரவே பெட்டியோடு வந்து நின்றவர்களை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். நள்ளிரவு வண்டியென்றால் தேதியை இருவராகச் சரிபாருங்கள்.

ஆதார் இல்லாமல் தட்கல் எடுக்க முடியாதா?

இணையத்தில் முடியாது. 2025 ஜூலை 1 முதல், ஆதாரோடு சரிபார்த்த ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கு இருந்தால்தான் தட்கல் எடுக்கலாம். ஆதாரில் பதிந்த கைபேசி எண்ணுக்கு ஓ.டி.பி. வருவதும் வந்துவிட்டது. அந்த எண் பழைய சிம்மாக இருந்தால் 11 மணிக்கு ஒன்றும் செய்ய முடியாது. வீட்டில் யாரும் நோயில் இல்லாத நாளிலேயே ஒருவருடைய கணக்கையாவது சரிபார்த்து வையுங்கள். பத்து நிமிட வேலை.

முகவர்களுக்குத் தட்கல் திறந்த முதல் அரை மணி நேரம் தடை உண்டு. ஆகவே நீங்கள் எடுப்பது அவர்களிடம் கொடுப்பதை விட உங்களுக்கே சாதகம்.

வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட் இருக்கிறது. ஏறிவிட்டு டிக்கெட் பரிசோதகரிடம் சொல்லிக்கொள்ளலாமா?

கூடாது. இணையத்தில் எடுத்த டிக்கெட் சார்ட் போடும் வரை காத்திருப்பிலேயே இருந்தால் தானாக ரத்தாகிவிடும். சிறு பிடித்தம் போக மீதிப் பணம் கணக்குக்கு வந்துவிடும். அதை வைத்துக்கொண்டு ஏறினால் டிக்கெட் இல்லாமல் பயணம் செய்பவர் என்றுதான் எழுதுவார்கள்: முழுக் கட்டணம், அதன் மேல் குறைந்தது 250 ரூபாய் அபராதம். கவுண்டரில் எடுத்த காத்திருப்பு டிக்கெட்டும் படுக்கைப் பெட்டியில் செல்லாது. வண்டி கிளம்ப அரை மணி நேரம் இருக்கும்போதே திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிவிட வேண்டும்.

ஆர்.ஏ.சி. வேறு. அது இருந்தால் தாராளமாக ஏறலாம். பக்கவாட்டுக் கீழ் இருக்கையை இருவர் பகிர வேண்டும், அவ்வளவுதான்.

சார்ட் போட்ட பிறகும் இடம் கிடைக்கும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. சார்ட் போட்டதும் எஞ்சியிருக்கும் இடங்களை 'கரண்ட் புக்கிங்' என்று விற்பார்கள். தட்கல் கட்டணமும் இல்லை. முன்பு சார்ட் வண்டிக்கு 4 மணி நேரம் முன்னால்தான் வரும். 2025-இல் அதை இன்னும் முன்னுக்குத் தள்ளிவிட்டார்கள். காலை வண்டிக்கு முதல் நாள் இரவே சார்ட் வந்துவிடுகிறது. ஆகவே பல்லவனுக்கு இடம் தேடுபவர்கள் முதல் நாள் இரவு சாப்பிட்டு முடித்ததும் ஒரு தடவை பாருங்கள். வண்டி கிளம்பும் முன் இரண்டாவது சார்ட் வரும் வரை ஓரிரண்டு இடம் விழுந்துகொண்டே இருக்கும்.

பண்டிகை நாள்களில் இதை நம்பாதீர்கள். வாரநடுவில் நம்பலாம்.

ஜெனரல் பெட்டியில் போனால் உட்கார இடம் கிடைக்குமா?

காரைக்குடியில் பல்லவனுக்கு அரை மணி முன்னால் போனால் கிடைக்கும். வண்டி அங்கேதான் நிற்கிறது. இரவில் ராமேஸ்வரத்திலிருந்து வருவதில் கிடைக்காது என்றே நினைத்துக்கொண்டு போங்கள். பல்லவன் அதிவிரைவு வண்டி என்பதால் சாதாரண விரைவு வண்டி டிக்கெட் செல்லாது. 15 ரூபாய் கூடுதல் கட்டணத்தோடு எடுக்க வேண்டும். கவுண்டரில் "சென்னைக்கு ஒன்று" என்று மட்டும் சொல்லாமல் வண்டியின் பெயரையும் சொல்லுங்கள்.

2025-இல் வந்த ரயில்ஒன் செயலியில் வீட்டிலிருந்தே எடுக்கலாம். நிலையத்துக்குள் நின்றுகொண்டு காகிதமில்லா டிக்கெட் எடுக்கப் பார்த்தால் செயலி மறுக்கும். அங்கே ஒட்டியிருக்கும் க்யூ.ஆர். குறியை ஸ்கேன் செய்ய வேண்டும். 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்துக்கு மூன்று நாள் முன்னதாகவே முன்பதிவில்லா டிக்கெட்டும் கவுண்டரில் வாங்கிவிடலாம். சென்னை 400 கிலோமீட்டருக்கு மேல். தெரியாததால் விடியற்காலையில் வரிசையில் நின்று வண்டியை விட்டவர்கள் உண்டு.

திருச்சிக்குப் போய் ஏறினால் நல்லதா?

பல நாள் நல்லது. காரைக்குடியிலிருந்து திருச்சி சுமார் 90 கிலோமீட்டர்; புதுக்கோட்டை வழியாக அடிக்கடி பஸ் உண்டு. தெற்கேயிருந்து சென்னைக்குப் போகும் வண்டிகள் பெரும்பாலும் திருச்சியைத் தொட்டே போகின்றன. இரவில் மலைக்கோட்டை விரைவு வண்டி அங்கேயே புறப்படுகிறது. அதனால் பல்லவனுக்குச் சொன்ன அதே சாதகம் அதற்கும் உண்டு.

பொன்னமராவதி, திருப்பத்தூர்ப் பக்கத்தவர்கள் காரைக்குடிக்கு இறங்கி வராமல் நேரே திருச்சியோ மதுரையோ போவதுதான் சரி. தேவகோட்டைக்காரர்களுக்கு ஒரு சொல்: தேவகோட்டை ரஸ்தா நிலையம் தேவகோட்டையில் இல்லை. நமக்கு இது தெரியும். சென்னையில் வளர்ந்த பேரனுக்குத் தெரியாது. நள்ளிரவில் அங்கே இறங்கி ஆட்டோ தேடிக்கொண்டு நிற்பான். அவனைக் காரைக்குடியில் இறங்கச் சொல்லுங்கள். செட்டிநாடு என்ற பெயரிலேயே ஒரு நிலையம் இருக்கிறது. கானாடுகாத்தான்காரர்கள் தங்கள் வண்டி அங்கே நிற்குமா என்று பார்த்துக்கொண்டு எடுங்கள்.

சேதுவில் காரைக்குடியிலிருந்து காத்திருப்பு 30 காட்டுகிறது. ராமேஸ்வரத்திலிருந்து போட்டால் 6 காட்டுகிறது. இது என்ன கணக்கு?

இரண்டும் தனித்தனிப் பட்டியல். வண்டி புறப்படும் ஊரிலிருந்து எடுப்பது பொதுக் காத்திருப்பு, ஜி.என்.டபிள்யூ.எல். என்று இருக்கும். ரத்தாகும் இடங்களில் பெரும்பங்கு அதற்கே போகும். இடைநிலையங்களிலிருந்து எடுத்தால் ஆர்.எல்.டபிள்யூ.எல். அல்லது பி.க்யூ.டபிள்யூ.எல். என்று வரும், அவை நகர்வது மெதுவு. இவற்றின் எண் சிறியதாக இருந்தாலும் ஏமாறாதீர்கள். ஜி.என். 20 உறுதியாகி, பி.க்யூ. 5 அப்படியே நின்றதைக் கவுண்டரில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே ராமேஸ்வரத்திலிருந்து டிக்கெட் எடுத்து, ஏறும் நிலையத்தைக் காரைக்குடி என்று போடுவது முறையான வழிதான். கட்டணம் கொஞ்சம் கூடும். ஏறும் நிலையத்தை டிக்கெட் எடுக்கும்போதே போடுங்கள். பிறகு மாற்றுவதானால் தாமதிக்காமல் மாற்றிவிடுங்கள். மாற்றாமல் விட்டால், ராமேஸ்வரத்தில் ஆள் வரவில்லை என்று இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

எம்.எல்.ஏ. கடிதம் கொடுத்தால் அவசரக் கோட்டாவில் கிடைக்குமாமே?

கிடைக்கலாம். நோய், துக்கம் போன்றவற்றுக்கென்று அவசர ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் அது டிக்கெட் அல்ல. முதலில் உங்களிடம் காத்திருப்பு டிக்கெட் இருக்க வேண்டும். அதை உறுதியாக்கக் கேட்பதுதான் இது. 2025 ஜூலை முதல் நேரக் கெடுவையும் இறுக்கிவிட்டார்கள். பகல் 2 மணிக்குள் கிளம்பும் வண்டிக்கு முதல் நாள் நண்பகலுக்குள், அதற்குப் பின் கிளம்புவதற்கு முதல் நாள் மாலை 4 மணிக்குள் மனு போய்ச் சேர வேண்டும். அன்றைக்கே கொடுத்தால் வாங்க மாட்டார்கள்.

காரைக்குடி மதுரைக் கோட்டத்தில் வருகிறது. மனுவில் பி.என்.ஆர். எண், வண்டி, தேதி, பயணிகளின் பெயர், காரணம் தெளிவாக இருக்கட்டும். ஆஸ்பத்திரிச் சேர்க்கைச் சீட்டின் நகலை இணையுங்கள். கடிதம் கொண்டுபோனவருக்கெல்லாம் இடம் உண்டு என்பதில்லை. கேட்பவர் நிறைய, இடம் கொஞ்சம். இதற்குக் கட்டணமே கிடையாது. "கோட்டாவில் போட்டுத் தருகிறேன், ஆயிரம் கொடுங்கள்" என்பவரிடமிருந்து விலகி நில்லுங்கள்.

நோயாளிச் சலுகையில் நாங்களும் போகலாமா?

நோயாளி பயணம் செய்தால்தான் அது உண்டு. புற்றுநோய், இதய அறுவைச் சிகிச்சை, சிறுநீரக மாற்று, டயாலிசிஸ் போன்றவற்றுக்குச் சிகிச்சைக்காகப் போகும் நோயாளிக்கும், உடன் செல்லும் ஒருவருக்கும் சலுகை இருக்கிறது. புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணமே இல்லை. உடன் செல்பவருக்கு அதே வகுப்புகளில் 75 சதவீதம் குறையும். குறிப்பிட்ட படிவத்தில் மருத்துவச் சான்றிதழ் வேண்டும். தட்கலில் எந்தச் சலுகையும் செல்லாது.

பார்க்கப் போகும் உறவினருக்கு எதுவும் கிடையாது. மூத்த குடிமக்கள் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். இன்னும் திருப்பித் தரவில்லை. கீழ் பர்த் முன்னுரிமை மட்டும் இருக்கிறது: 60 வயது ஆண்கள், 45 வயது பெண்கள். அப்பத்தாவைக் கூட்டிக்கொண்டு போனால் வயதைச் சரியாகப் போடுங்கள். "எனக்கென்ன அவ்வளவு வயதா" என்று அவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

அண்ணன் பெயரில் உறுதியான டிக்கெட் இருக்கிறது. அவருக்குப் பதில் நான் போகலாமா?

இதை அறிந்தவர்கள் மிகக் குறைவு. தாய், தந்தை, உடன்பிறந்தோர், பிள்ளைகள், கணவன், மனைவி ஆகியோருக்குள் உறுதியான டிக்கெட்டைப் பெயர் மாற்றித் தருவார்கள். வண்டி புறப்பட 24 மணி நேரத்துக்கு முன், டிக்கெட்டோடும் உறவைக் காட்டும் ஆவணத்தோடும் முன்பதிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு தடவைதான். தட்கலுக்கு இது உதவாது. அம்மான் மகன், அத்தை மகன், பங்காளி எல்லாம் இந்தப் பட்டியலில் இல்லை. எங்கள் பக்கத்துக் கணக்கில் அவர்களும் உடன்பிறந்தவர்கள்தான், ரயில்வே கணக்கில் இல்லை.

உங்கள் கணக்கிலேயே போட்டுத் தாருங்கள், கமிஷன் வாங்கிக்கொள்ளுங்களேன்?

மாட்டேன். சொந்தக் கணக்கில் டிக்கெட் எடுத்துக் காசுக்கு விற்பது ரயில்வே சட்டத்தின் 143-ஆம் பிரிவில் குற்றம். சிறையும் உண்டு. முகவரிடம் போவதானால் ஐ.ஆர்.சி.டி.சி. அங்கீகாரம் பெற்றவராகப் பார்த்துப் போங்கள்.

தட்கல் எடுத்த பிறகு தகவல் மாறிவிட்டது. பணம் திரும்புமா?

உறுதியான தட்கலுக்குத் திரும்பாது. ஒரு விதிவிலக்கு: டிக்கெட்டில் உங்கள் பயணம் தொடங்கும் நிலையத்தில் வண்டி 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, நீங்கள் போகாமல் விட்டால், வண்டி கிளம்பும் முன், பணம் திரும்பக் கேட்கும் டி.டி.ஆர். மனுவைப் பதிந்து முழுப் பணமும் பெறலாம். வண்டியே ரத்தானாலும் பணம் வந்துவிடும்.

'தகவல் மாறிவிட்டது' என்று கேட்கிறவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு எடுத்த டிக்கெட்டிலேயே கேதத்துக்குப் போகிறவர்களும் உண்டு. உடலை ஊருக்கே கொண்டுவருகிறார்கள் என்றால் டிக்கெட்டை விட்டுவிட வேண்டியதுதான். போகும்போதே திரும்பும் டிக்கெட்டும் எடுக்காதீர்கள். எத்தனை நாள் ஆகும் என்று உங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

இப்போதே ஓடுவதா, உறுதியான டிக்கெட் கிடைக்கும் வரை இரண்டு நாள் பார்ப்பதா?

இந்தக் கேள்விக்கு விதிப்புத்தகத்தில் பதில் இல்லை. என் கதையைச் சொல்கிறேன். என் அம்மான் சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அப்போது நான் வேலையில் இருந்தேன். கவுண்டர்காரன் ஜெனரல் பெட்டியில் நின்றுகொண்டு போவதா என்ற வீம்பு. காத்திருப்பு நகரும் நகரும் என்று இரண்டு நாள் பார்த்தேன், நகரவில்லை. மூன்றாம் நாள் அதே ஜெனரல் பெட்டியில் விழுப்புரம் வரை நின்றுகொண்டுதான் போனேன். முந்தைய மாலையே அவருக்குப் பேச்சு நின்றிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கு முன் இரண்டு நாளும் "அவன் எப்போது வருகிறான்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

அதன் பிறகு யார் கேட்டாலும், அடுத்து எந்த வண்டி நகர்கிறதோ அதில் போங்கள் என்கிறேன். ரயிலே சரிப்படாவிட்டால் பஸ் இருக்கிறது. ஒருவர் முன்னால் போகட்டும், மற்றவர்கள் வசதிப்படி பின்னால் வரட்டும். குடும்பமே சேர்ந்துதான் போக வேண்டும் என்று ஐந்து இடம் தேடினால் ஒன்றும் கிடைக்காது. ராகு காலம் பார்ப்பவர்கள் வீட்டிலிருந்து புறப்படுவதற்குப் பார்த்துக்கொள்ளுங்கள், பல்லவன் பார்ப்பதில்லை.

எழும்பூரில் இறங்கினால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாமா?

போகலாம், ஆனால் உள்ளே விடுவார்களா என்று முதல் நாளே கேளுங்கள். ஐ.சி.யூ.வில் பெரும்பாலும் காலையிலும் மாலையிலும் கொஞ்ச நேரம்தான் பார்க்க விடுவார்கள், அதுவும் ஒருவர் ஒருவராக. காலை நேரம் மட்டும்தான் என்றால் மதியம் சேரும் பல்லவனால் பயனில்லை. இரவு வண்டியில் நின்றுகொண்டாவது போக வேண்டும். மாலை நேரம் உண்டென்றால் பல்லவனே போதும். முதல் பதிலில், எத்தனை மணிக்குள் என்று கேட்டேனே, அது இதற்காகத்தான்.

ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை சென்ட்ரல் எதிரில் இருக்கிறது. எழும்பூரிலிருந்து மெட்ரோவில் அடுத்த நிறுத்தம். வேலூருக்குப் போகிறவர்கள் சென்னை வரை போக வேண்டியதில்லை. விழுப்புரத்திலிருந்து வேலூர் கன்டோன்மென்ட் வழியாகக் காட்பாடிக்குத் தனிப் பாதையே இருக்கிறது. பாதை வேலை நடக்கும் நாள்களில் சில வண்டிகளைத் தாம்பரத்தோடு நிறுத்திவிடுவதும் உண்டு. கிளம்பும் முன் 139-க்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.